கதவைச் சாத்தச் சொல்லலாம்: சூதாட்டக்கூடத்துக்குத் தானே தடை கேட்பது எப்படி?

எங்கள் ஊர்ப் பக்கம் குடியை விட நினைப்பவர்கள் கோயிலுக்குப் போய்க் கயிறு கட்டிக்கொள்வார்கள். பூசாரி கட்டிவிடும் கயிறு மணிக்கட்டில் இருக்கும்வரை பாட்டிலைத் தொடக்கூடாது என்பது கணக்கு. ஆறு மாதம், ஒரு வருடம் என்று கெடு வைத்துக் கட்டுபவர்களும் உண்டு. அதில் சாமியின் பங்கு எவ்வளவு, கயிற்றின் பங்கு எவ்வளவு என்பது அவரவர் நம்பிக்கை. நான் கவனித்தது வேறு. கயிறு கட்டிக்கொள்ளப் போகிறவர் அன்று காலையில் குடித்திருக்க மாட்டார். தெளிவாக இருக்கும் நேரத்தில், தெளிவு போய்விடும் நேரத்தை நினைத்து ஓர் ஏற்பாடு செய்துகொள்கிறார். கயிற்றைப் பார்த்த கூட்டாளிகளும் அவரைக் கூப்பிடத் தயங்குவார்கள்.

சூதாட்டத்துக்கும் இப்படி ஒரு கயிறு இருக்கிறது. "என்னை இனி உள்ளே விடாதீர்கள்" என்று ஒருவர் தானே எழுதிக்கொடுத்துத் தன்மேல் போட்டுக்கொள்ளும் தடை. சுயத் தடை, சுய விலக்கு என்றெல்லாம் தமிழில் சொல்கிறார்கள். கோயில் கயிற்றை ஒரு கத்திரிக்கோல் இருந்தால் நாமே அறுத்துவிடலாம். இந்தக் கயிற்றின் முடிச்சு நம் கையில் இல்லை. அதுதான் இதன் பலம்.

பல நாடுகளில் இந்த ஏற்பாடு உண்டு. நான் சிங்கப்பூரை எடுத்துக்கொள்கிறேன். நாலு ஆட்சிமொழிகளில் தமிழும் ஒன்றாக இருக்கும் ஊர் அது. புதுக்கோட்டை, சிவகங்கை, தஞ்சாவூர்ப் பக்கமிருந்து கப்பல் பட்டறைக்கும் கட்டுமானத் தளத்துக்கும் வேலைக்குப் போகும் நம் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் இருக்கும் ஊர். இந்தத் தடை அவர்களுக்கு ஏன் மற்றவர்களைவிட அதிகம் தேவைப்படுகிறது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

2005 ஏப்ரலில் அன்றைய பிரதமர் லீ சியன் லூங், சூதாட்டக்கூடங்களுடன் கூடிய இரண்டு பெரிய உல்லாசத் தலங்களுக்கு அனுமதி தரப்போவதாக நாடாளுமன்றத்தில் அறிவித்தார். வேண்டாம் என்ற குரல்கள் அப்போது பலமாகவே எழுந்தன. அதனால் அனுமதியோடு சேர்த்தே சில வேலிகளும் அறிவிக்கப்பட்டன. அதே ஆண்டு, சூதாட்டப் பிரச்சினையைக் கவனிப்பதற்கென்று ஒரு தேசிய மன்றம் அமைக்கப்பட்டது. என்சிபிஜி என்று சுருக்கமாகச் சொல்வார்கள். 2006-இல் சூதாட்டக்கூடக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. 2010 பிப்ரவரியில் ரிசார்ட்ஸ் வேர்ல்ட் செந்தோசாவின் கூடமும், ஏப்ரலில் மரினா பே சேண்ட்ஸின் கூடமும் திறந்தன. ஆக, கதவு திறப்பதற்கு முன்பே அதைச் சாத்தச் சொல்லும் வழியும் சட்டத்தில் இருந்தது. இதை நல்ல முன்யோசனை என்றே நான் நினைக்கிறேன். ஒரு தலைமுறை பணத்தைத் தொலைத்த பிறகு விழித்துக்கொண்ட நாடுகளும் இருக்கின்றன.

சரி, தடை எப்படி வேலை செய்கிறது?

என்சிபிஜியின் இணையத்தளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். நீங்கள் யார் என்பதைக் காட்டினால் போதும். சூதாட்டத்தில் எவ்வளவு தொலைத்தீர்கள், கடன் எவ்வளவு என்பதையெல்லாம் நிரூபிக்க வேண்டியதில்லை. நீங்களே கேட்பதால் விசாரணை, வாய்தா எதுவும் கிடையாது. பெயர் தடைப்பட்டியலில் ஏறிவிட்டால், அந்த இரண்டு கூடங்களின் வாசலும் உங்களுக்கு மூடப்பட்டது. சிங்கப்பூரில் கூடத்துக்குள் போகும் ஒவ்வொருவரும் அடையாள அட்டையையோ கடவுச்சீட்டையோ வேலை அனுமதி அட்டையையோ காட்டித்தான் போக வேண்டும். அட்டையைச் சரிபார்க்கும்போதே பட்டியலில் பெயர் இருப்பது தெரிந்துவிடும்.

இது சின்ன விஷயமாகத் தோன்றலாம். ஆனால் மற்ற இடங்களோடு ஒப்பிட்டால்தான் அருமை தெரியும். பிரிட்டனில் தெருவுக்குத் தெரு பந்தயக் கடைகள் உண்டு. அங்கேயும் சுயத் தடை கேட்கலாம், கேட்டவரின் புகைப்படம் கடைகளுக்குப் போகும். ஆனால் உள்ளே வருபவர் முகத்தைப் பார்த்து, "இவர் தடையில் இருப்பவர்" என்று கல்லாவில் இருப்பவர் அடையாளம் கண்டால்தான் உண்டு. தாடி வளர்ந்து தொப்பியும் போட்டுக்கொண்டால் கதை முடிந்தது. வாசலில் எல்லோரிடமும் அட்டை கேட்கும் ஊரில்தான் சுயத் தடைக்கு முழு அர்த்தம் கிடைக்கிறது.

அப்படியும் எப்படியோ ஒருவர் உள்ளே நுழைந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அவர் வெல்லும் பணம் அவருக்குக் கிடைக்காது, பறிமுதலாகும். இந்த விதியை வைத்தவர்களுக்குச் சூதாடியின் மனம் நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். தோற்றால் அபராதம் என்று சொன்னால் அவர் பயப்படமாட்டார், தோற்பது அவருக்குப் பழகிப்போன ஒன்று. ஜெயித்தாலும் கையில் வராது என்றால்தான் உள்ளே போகும் ஆசையே வாடும்.

இந்தத் தடைக்குக் குறைந்தபட்சக் காலம் ஓராண்டு. ஓராண்டு முடிந்ததும் அது தானாக விலகிவிடாது. நீங்கள் விண்ணப்பித்துக் கேட்டால்தான் நீக்குவதைப் பற்றிப் பார்ப்பார்கள். கேட்காமல் இருந்தால் அது பாட்டுக்குத் தொடரும். இதையும் நான் நல்லது என்பேன். ஆறாவது மாதத்தில் ஒருநாள் ராத்திரி கை அரிக்கும்போது "இப்போதே தடையை எடுத்துவிடு" என்று கேட்டால் எடுக்க ஆள் இல்லை. மறுநாள் காலையில் அந்த அரிப்பு பெரும்பாலும் அடங்கியிருக்கும்.

மனக்கட்டுப்பாடு இல்லாதவருக்கா இது?

இந்த விஷயத்தைப் பற்றிப் பேசினால் முதலில் வரும் கேள்வி இதுதான். "போகக்கூடாது என்று நினைத்தால் போகாமல் இருக்கவேண்டியதுதானே? இதற்கு எதற்கு ஒரு விண்ணப்பம்?" சூதாட்டத்தில் சிக்காதவர்கள் நல்ல மனதோடுதான் இதைக் கேட்கிறார்கள். சிக்கியவர்களும் தங்களையே இதைக் கேட்டுக் கேட்டுக் கூசிப்போயிருக்கிறார்கள்.

தமிழில் ஒரு சொற்றொடர் இருக்கிறது: விட்டதைப் பிடிப்பது. சூதாட்டத்தில் அகப்பட்டவர் எவரும் "பணக்காரன் ஆகப்போகிறேன்" என்று நெடுநாள் சொல்லிக்கொண்டிருப்பதில்லை. கொஞ்ச நாளிலேயே "விட்டதை மட்டும் பிடித்துவிட்டால் போதும், அப்புறம் இந்தப் பக்கமே வரமாட்டேன்" என்ற இடத்துக்கு வந்துவிடுகிறார். அதை அவர் உண்மையாகவே நம்புகிறார், யாரையும் ஏமாற்றுவதற்காகச் சொல்வதில்லை. அதனால் அவர் பார்வையில் மறுபடி உள்ளே போவது சூதாட்டமே அல்ல, போன பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு வருவதற்கான ஒரு நடை. பெண்டாட்டி நகையை அடகு வைத்தவர் அதை மீட்கத்தான் போகிறார். நண்பனிடம் கைமாற்று வாங்கியவர் திருப்பிக் கொடுக்கத்தான் போகிறார். இப்படிப் பொறுப்புணர்ச்சியே ஆளைப் பிடித்து உள்ளே தள்ளும்போது, மனக்கட்டுப்பாடு என்ற சொல்லுக்கு என்ன வேலை?

விட்டதைப் பிடிக்க முடியாது என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு போதும். சுழலும் சக்கரத்தில் ஒரு சின்னப் பந்து எந்த எண்ணின் குழியில் விழும் என்று பந்தயம் வைப்பது ரூலெட். அதில் ஒற்றைச் சுழியம் உள்ள வகையை எடுத்துக்கொள்ளுங்கள். 1 முதல் 36 வரை எண்கள், கூடவே ஒரு சுழியம், ஆக 37 குழிகள். ஓர் எண்ணில் ஒரு வெள்ளி (சிங்கப்பூர் டாலரை அங்கே அப்படித்தான் சொல்வார்கள்) வைத்து அது விழுந்தால் 35 வெள்ளி தருவார்கள், வைத்த ஒரு வெள்ளியும் திரும்பி வரும். இப்போது 37 குழிகளிலும் தலா ஒரு வெள்ளி வைத்துவிடுங்கள். கட்டாயம் ஏதோ ஒன்றில் விழும், நீங்கள் கட்டாயம் ஜெயிப்பீர்கள். ஜெயித்து வாங்குவது 36 வெள்ளி. வைத்தது 37. எந்தத் தந்திரமும் இல்லாமல், யாரும் ஏமாற்றாமல், ஒவ்வொரு சுற்றிலும் அந்த ஒரு வெள்ளி சராசரியாகக் கூடத்தின் பக்கம் நகர்ந்துகொண்டே இருக்கிறது. எவ்வளவு நேரம் உட்கார்கிறீர்களோ அவ்வளவு நகரும். போன வாரம் நீங்கள் எவ்வளவு விட்டீர்கள் என்பது சக்கரத்துக்குத் தெரியாது. ஜாக்பாட் இயந்திரத்துக்கும் தெரியாது. "இவ்வளவு நேரம் கொடுக்கவில்லை, அடுத்தது கொடுத்துத்தானே ஆகவேண்டும்" என்பது நம் மனம் போடும் கணக்கு, இயந்திரத்தின் கணக்கு வேறு.

இதைத் தெரிந்துகொண்டால் மட்டும் போதுமா என்றால், போதாது. கணக்கு தெரிந்தவர்களும் மாட்டுகிறார்கள். எப்போதாவது ஒருமுறை கிடைக்கும் வெற்றிக்கு மனதைக் கட்டிப்போடும் சக்தி உண்டு. தொடர்ந்து தோற்றால் எவனும் எழுந்து போய்விடுவான். பத்துத் தோல்விக்கு நடுவில் வரும் ஒரு வெற்றிதான் நாற்காலியில் பிடித்து உட்காரவைக்கும். அந்த நாற்காலியில் உட்கார்ந்த பிறகு எடுக்கும் முடிவை நம்ப முடியாது என்பதால்தான், முடிவை வாசலுக்கு வெளியே, வேறு ஒரு நாளில் எடுக்கச் சொல்கிறது சுயத் தடை. மனஉறுதி ஒரு நாள் இருந்தால் போதும், விண்ணப்பிக்கும் அந்த நாள் மட்டும். மிச்ச நாட்களை வாசலில் இருப்பவர் பார்த்துக்கொள்வார்.

நுழைவுக் கட்டணமும் நம் பிள்ளைகளும்

சிங்கப்பூர் வைத்த இன்னொரு வேலி நுழைவுக் கட்டணம். குடிமக்களும் நிரந்தரவாசிகளும் கூடத்துக்குள் போக ஆரம்பத்தில் ஒரு நாளுக்கு 100 வெள்ளி, ஆண்டுக்கு 2,000 வெள்ளி கட்ட வேண்டியிருந்தது. 2019 ஏப்ரலில் அது 150 வெள்ளியும் 3,000 வெள்ளியுமாக உயர்ந்தது. சும்மா வேடிக்கை பார்க்கப் போகிறவரை இது தடுக்கும். ஏற்கெனவே அகப்பட்டுக்கொண்டவரைத் தடுக்குமா என்பதில் எனக்குச் சந்தேகம். 150 வெள்ளி கட்டி உள்ளே போனவருக்கு அந்த 150-ஐயும் எடுத்தாக வேண்டும் என்ற எண்ணம் சேர்ந்துகொள்ளும்.

வெளிநாட்டவர்களுக்கு இந்தக் கட்டணம் கிடையாது. சுற்றுலாப் பயணிகளுக்கு மட்டும் இல்லை, வேலை அனுமதியில் இருப்பவர்களுக்கும் கிடையாது. இப்போது யோசித்துப் பாருங்கள். ஏஜெண்டுக்கு லட்சக்கணக்கில் கட்டி, நிலத்தையோ நகையையோ வைத்துக் கடன் வாங்கிச் சிங்கப்பூர் வந்த ஒரு பையன். ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவில் சாப்பிட்டுவிட்டு, கூட்டாளியோடு ரயில் ஏறினால் குளுகுளுவென்று ஒரு மண்டபம். உள்ளே போகக் காசு கேட்பதில்லை. 21 வயது ஆகியிருந்தால் போதும். ஊரில் அடைக்க வேண்டிய கடன் மனதில் உட்கார்ந்திருக்கிறது, ஒரே ராத்திரியில் அடைத்துவிடலாமோ என்ற நினைப்பும் வரும். தமிழ்நாட்டில் லாட்டரிச் சீட்டு 2003-இலேயே தடை செய்யப்பட்டுவிட்டது. சூதாட்டத்தைச் சட்டமே விலக்கி வைத்திருந்த ஊரிலிருந்து வந்த பையனுக்கு, சட்டப்படி திறந்திருக்கும் இந்தக் கதவு புதியது. ஊரில் அரசு எல்லோருக்கும் சேர்த்துச் சாத்திய கதவை, இங்கே ஒவ்வொருவரும் தனக்குத் தானே சாத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது.

கட்டணம் என்ற வேலி இல்லாத அவருக்கு மிச்சம் இருக்கும் வேலி சுயத் தடைதான். சிங்கப்பூரில் வேலை செய்யும் வெளிநாட்டவரும் அதைக் கேட்கலாம். வந்த முதல் மாதமே, ஒரு முறைகூட உள்ளே போகாதபோதே கேட்டுவிடலாம் என்பது என் கருத்து. சூதாட்டப் பழக்கம் இருப்பவர்தான் கேட்க வேண்டும் என்ற நிபந்தனை எதுவும் இல்லை. தங்குவிடுதியில் ஒரே அறையில் இருக்கும் நாலைந்து பேர் சேர்ந்து போட்டுக்கொண்டால் இன்னும் நல்லது. "வாடா, சும்மா பார்த்துட்டு வரலாம்" என்று கூப்பிட ஆளே இருக்காது.

இது குற்றப்பதிவு ஆகுமோ, வேலைக்கு ஆபத்து வருமோ என்ற பயம் பலருக்கு இருக்கும். சுயத் தடை தண்டனை அல்ல. எந்தத் தப்பும் செய்யாத ஒருவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளக் கேட்டு வாங்கும் பாதுகாப்பு அது.

குடும்பம் கேட்கும் தடை

தானே கேட்க மனம் வராதவருக்காகக் குடும்பத்தாரும் கேட்கலாம். கணவன் அல்லது மனைவி, பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள் விண்ணப்பிக்க முடியும். இங்கே மட்டும் விசாரணை உண்டு. ஒருவர் கேட்டு இன்னொருவர் மேல் விதிக்கும் தடை என்பதால், இரு தரப்பையும் கேட்டு ஒரு குழு முடிவு செய்யும். அப்புறம், யாரும் கேட்காமலே சட்டப்படி விழும் தடையும் இருக்கிறது. நொடித்துப்போனவர் என்று அறிவிக்கப்பட்டு அதிலிருந்து இன்னும் விடுபடாதவர்கள், அரசின் நிதியுதவியில் வாழ்பவர்கள், அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்து (வீவக) வாடகை வீட்டில் ஆறு மாதமோ அதற்கு மேலோ வாடகை பாக்கி வைத்தவர்கள் போன்றோர் உள்ளே போக முடியாது. முழுத் தடை வேண்டாம், மாதத்துக்கு இத்தனை முறைதான் என்று வரம்பு வைத்துக்கொள்ளும் ஏற்பாடு 2013-இல் வந்தது. "விட்டதைப் பிடிக்கும்" கட்டத்துக்கு வந்தவருக்கு அது உதவும் என்று எனக்குத் தோன்றவில்லை. அவர் முழுக்கவே சாத்திக்கொள்வது நல்லது.

குடும்பத் தடையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நம் வீடுகளில் அம்மாவோ மனைவியோ இதற்கு விண்ணப்பிக்க மிகவும் தயங்குவார்கள். வீட்டு விஷயத்தை வெளியே சொல்வதா, அவருக்கு அவமானம் ஆகாதா என்ற எண்ணம். அதனால் கடனை மறைமுகமாக அடைத்துக் காப்பாற்றப் பார்ப்பார்கள். மத்திய சேம நிதி என்ற கட்டாயச் சேமிப்பில் அடுத்த முறை எடுக்கும் பணம், தாலிக்கொடி, தம்பியிடம் வாங்கிய கடன் என்று ஒவ்வொன்றாகப் போகும். கடனை அடைத்ததும் சூதாடுபவருக்கு மறுபடி கடன் வாங்க வழி திறக்கிறது. ஆகவே அடைப்பதற்கு முன்னால் தடை. இந்த வரிசை மாறினால் பணமும் போகும், ஆளும் மீளமாட்டார்.

ஓட்டை எங்கே?

சுயத் தடையை ஒரு மந்திரம்போல யாருக்கும் நான் விற்க மாட்டேன். அது அடைப்பது ஒரு கதவை. சிங்கப்பூரில் கிளப்புகளின் ஜாக்பாட் அறைகளுக்கும், லாட்டரியும் பந்தயமும் நடத்தும் சிங்கப்பூர் பூல்ஸின் இணையக் கணக்குக்கும்கூடத் தடை கேட்க வழி வந்துவிட்டது. ஆனால் அடுக்குமாடிக்குக் கீழே இருக்கும் கடையில் வரிசையில் நின்று 4டி, டோட்டோ என்ற லாட்டரிச் சீட்டு எழுதுபவரிடம் யாரும் அட்டை கேட்டுப் பட்டியலைப் பார்ப்பதில்லை. எல்லையைத் தாண்டினால் மலேசியாவின் கெந்திங் மலைச் சூதாட்டக்கூடம் இருக்கிறது. சட்டவிரோத இணையத்தளங்களுக்கு எந்தப் பட்டியலும் கட்டுப்படாது.

மற்ற நாடுகளும் இந்த ஓட்டைகளோடுதான் மல்லுக்கட்டுகின்றன. அமெரிக்காவின் மிசூரி மாநிலம் 1996-இலேயே மாநிலம் முழுவதற்குமான பட்டியலைத் தொடங்கியது. முதலில் அது ஆயுட்காலத் தடை. பிறகுதான் ஐந்து ஆண்டு கழித்து நீக்கக் கேட்கலாம் என்று மாற்றினார்கள். பிரிட்டனில் இணையச் சூதாட்டத்துக்கென்று 2018-இல் வந்த கேம்ஸ்டாப்பில் ஒருமுறை பதிந்தால் உரிமம் பெற்ற தளங்கள் எல்லாவற்றிலும் கதவு மூடும். ஆறு மாதம், ஓராண்டு, ஐந்தாண்டு என்று கெடுவைத் தேர்ந்தெடுக்கலாம். ஆஸ்திரேலியா 2023 ஆகஸ்டில் பெட்ஸ்டாப்பைத் தொடங்கியது, அங்கே மூன்று மாதத்திலிருந்து ஆயுள் முழுவதும்வரை தடை கேட்க முடியும். ஒவ்வொரு கடைக்கும் தனித்தனியாக எழுதிக்கொடுத்த காலம் போய், ஒரே விண்ணப்பத்தில் எல்லாக் கதவும் என்ற பக்கம்தான் உலகம் நகர்கிறது.

கதவு மூடிய பிறகு பணத்துக்கும் ஒரு வழி செய்ய வேண்டும். சம்பளம் வந்த அன்றே வீட்டுக்கு அனுப்பவேண்டியதை அனுப்பிவிடுவது, வங்கி அட்டையில் ஒருநாள் எடுக்கக்கூடிய தொகையைக் குறைத்து வைப்பது, நம்பிக்கையான ஒருவரிடம் கணக்கைக் காட்டுவது எல்லாம் சாதாரண வேலைகள்தாம், ஆனால் பலன் தருபவை. உரிமம் இல்லாமல் வட்டிக்கு விடும் கடன் முதலைகளிடம் ஏற்கெனவே வாங்கியிருந்தால் அதை மறைக்காமல் உதவி கேட்பது அவசரம். கூடவே ஆலோசகரிடம் பேச வேண்டும். தடை ஆளை நிறுத்தி வைக்கும், ஏன் அங்கே போனோம் என்ற கேள்விக்குப் பதில் தேட அவகாசம் தரும். தேடுவதற்குத் துணை வேண்டும். சிங்கப்பூரில் இதற்கென்றே உதவித் தொலைபேசி எண் இருக்கிறது: 1800-6-668-668. நீங்கள் சூதாடுபவராக இல்லாமல் அவருடைய அக்காவாகவோ நண்பராகவோ இருந்தாலும் அழைக்கலாம்.

எப்போது விண்ணப்பிப்பது என்று என்னிடம் கேட்டால், சம்பளத்துக்கு முந்தின நாள் என்பேன். கையில் காசு இல்லாத அந்த நாளில் மனம் தெளிவாக இருக்கும், போன மாதம் நடந்ததும் மறந்திருக்காது. பெருவிரலால் நாலைந்து பக்கம் தள்ளினால் முடிந்துவிடும் வேலைதான். தனியாகச் செய்யக் கூச்சமாக இருந்தால் பக்கத்துக் கட்டிலில் படுத்திருப்பவரிடம் கைபேசியைக் கொடுத்து, "அண்ணே, இதை எனக்குப் போட்டு விடுங்களேன்" என்று கேளுங்கள். அவரும் தன் பெயரையும் சேர்த்துப் போட்டுக்கொள்ளக்கூடும்.